பழைய காசுகளைப் புளி போட்டுத் துலக்கினால் விலை கூடுமா?

தாத்தாவின் பெட்டியில் ஜார்ஜ் மன்னர் காலத்து வெள்ளி ரூபாய்களும் வெண்கலக் காலணாக்களும் கிடைத்தன, கறுத்துக் கிடக்கின்றன, துலக்கி விற்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். துலக்கினால் விலை குறையும், குறைந்தது திரும்ப ஏறாது.

அச்சு அழுத்தும்போது காசின் மேற்பரப்பில் உலோகம் மிக நுண்ணிய வரிகளாக வழிந்து நிற்கும். தேயாத காசைச் சாய்த்துத் திருப்பினால் ஒளி சுழல்வது அந்த வரிகளால்தான். சேகரிப்பவர்கள் தேடுவது அதைத்தான். சாம்பல், பல்பொடி, பாத்திரம் தேய்க்கும் பொடி எது பட்டாலும் வரிகள் போய், மயிரிழைக் கீறல்கள் வந்துவிடும். அப்புறம் காசு பளபளக்கும்தான். ஆனால் அது தேய்த்த பளபளப்பு, லென்ஸ் வைத்தால் உடனே தெரிந்துவிடும். வெள்ளியின் கறுப்பு வெளியிலிருந்து ஒட்டிய அழுக்கும் அல்ல. காற்றிலுள்ள கந்தகம் பட்டு மேலிருக்கும் வெள்ளியே அப்படி மாறியிருக்கிறது. கறுப்பை எடுத்தால் அந்த வெள்ளியும் சேர்ந்தே போகும்.

உங்களிடம் 1911 ரூபாய் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதில் மன்னரின் அங்கியிலுள்ள யானை பன்றி போலத் தெரிகிறது என்று எதிர்ப்பு எழுந்ததால் அடுத்த ஆண்டே உருவத்தைத் திருத்தினார்கள். அந்தச் சின்ன யானைக்காகத்தான் அந்தக் காசையே தேடுகிறார்கள். அதைத் தேய்த்து மழுக்கி வைத்திருப்பதை நாணயக் கண்காட்சிகளில் பார்க்கும்போது எனக்கு நிஜமாகவே மனம் வலிக்கும். மற்ற ஆண்டு ரூபாய்களுக்கு மெருகேற்றிவிட்டால் அதிலுள்ள வெள்ளியின் விலையை ஒட்டித்தான் கேட்பார்கள். என்ஜிசி, பிசிஜிஎஸ் போன்ற தரச்சான்று நிறுவனங்களும் துலக்கிய காசுக்குத் தர எண் தராமல் ‘கிளீன்டு’ என்று குறித்துத்தான் திருப்பி அனுப்பும்.

மண்ணிலும் ஆற்றிலும் கிடைப்பவை வேறு கணக்கு. கரூரில் அமராவதி ஆற்றில் கிடைக்கும் சங்ககாலச் செம்புக் காசில் மண்ணை நீக்காமல் வில்லும் அம்பும் தெரியாது. அதற்கும் காய்ச்சி வடித்த நீரில் நாள்கணக்கில் ஊறவைத்து, மூங்கில் குச்சியால் மெதுவாகத்தான் எடுப்பார்கள். அடியிலுள்ள கரும்பச்சைப் படலத்தில் கை வைக்க மாட்டார்கள். எலுமிச்சையில் போட்டுச் சிவக்க வைத்த சங்ககாலக் காசை நான் வாங்கவே மாட்டேன்.

உங்கள் காசுகளில் பிவிசி பிளாஸ்டிக் உறையின் பிசுபிசுப்பான பச்சை ஒட்டியிருந்தால் மட்டும் சுத்தமான அசிட்டோனில் ஊறவைத்து எடுக்கலாம், உலோகத்தை அது ஒன்றும் செய்யாது. நகப்பூச்சு நீக்கி வேண்டாம், அடுப்புப் பக்கமும் வேண்டாம். காலணாவில் தொட்டால் உதிரும் வெளிர்பச்சைப் பொடி இருந்தால் அது குளோரைடு அரிப்பு. ஈரம் பட்டால் உள்ளே தின்றுகொண்டே போகும். அதை மட்டும் தனியே எடுத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வைத்து, உலோகப் பாதுகாப்பு தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.