கணவரின் கையெழுத்தும் மனைவியின் பயணமும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: மனைவி வெளிநாடு செல்லக் கணவரின் சம்மதம் வேண்டும் என்று ஒரு நாட்டின் சட்டமே கூறினால், அது சர்வதேசச் சட்டத்துக்கு முரணானதா?

பதில்: முரணானதே. தன் நாடு உள்பட எந்த நாட்டையும் விட்டு வெளியேறும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்று 1948-ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனம் கூறுகிறது. ஆயினும் அது நாடுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்தாத பிரகடனமே என்பதால், வழக்காடும்போது கைகொடுப்பது 1966-ஆம் ஆண்டின் சிவில், அரசியல் உரிமைகளுக்கான உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவுதான். தேசப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம், ஒழுக்கநெறி, பிறரது உரிமைகள் ஆகியவற்றைக் காக்கத் தேவையான அளவுக்கு மட்டுமே, அதுவும் சட்டத்தின் வழியாக மட்டுமே, இவ்வுரிமையைக் கட்டுப்படுத்தலாம். 'பிறரது உரிமைகள்' என்பதற்குள் கணவரைப் புகுத்தப் பார்ப்பவர்கள் உண்டு. திருமண வாழ்வில் இருவருக்கும் சம உரிமை வேண்டும் என்று அதே உடன்படிக்கையின் 23-ஆம் பிரிவு கூறுவதால் அந்த வாதம் எடுபடாது. ஆணின் சம்மதமோ துணையோ இன்றிப் பெண் நாட்டை விட்டுச் செல்லக் கூடாது என்பது 12-ஆம் பிரிவை மீறுவதாகும் என்று, அந்த உடன்படிக்கையின் அமலாக்கத்தைக் கண்காணிக்கும் ஐ.நா. மனித உரிமைக் குழு 1999-இல் தன் 27-ஆம் பொதுக் கருத்துரையில் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிட்டது.

கேள்வி: அப்படியானால் ஈரானில் இத்தகைய சட்டம் எப்படி நீடிக்கிறது?

பதில்: உடன்படிக்கையை ஏற்பது வேறு, உள்நாட்டுச் சட்டத்தைத் திருத்துவது வேறு. ஈரான் 1975-இல் மேற்கண்ட உடன்படிக்கையை ஏற்றது. பயணம் தொடர்பான சட்டத்தில் ஆண், பெண் இருவருக்கும் சம உரிமை வேண்டும் என்று 15-ஆம் பிரிவில் கூறும், பெண்களுக்கு எதிரான பாகுபாடுகளை ஒழிப்பதற்கான 1979-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இன்றுவரை சேரவில்லை. 2015-இல் அந்நாட்டு மகளிர் ஃபுட்சால் (உள்ளரங்கக் கால்பந்து) அணித் தலைவி நிலூஃபர் அர்தலான், கணவர் அனுமதி மறுத்ததால் மலேசியாவில் நடந்த ஆசியப் போட்டிக்குச் செல்ல முடியவில்லை. திருமண ஒப்பந்தத்திலேயே பயண அனுமதியை நிபந்தனையாக எழுதி வாங்கிக்கொள்ளும் பெண்களும் அங்கு உண்டு. உரிமையாக இருக்க வேண்டியதைப் பேரம் பேசிப் பெறும் நிலை அது.

கேள்வி: குழந்தையையும் உடன் அழைத்துச் செல்லலாமா?

பதில்: இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். தாயின் பயண உரிமை குழந்தையின் மீதான காவல் உரிமையைத் தீர்மானிப்பதில்லை. தந்தைக்கும் காவல் உரிமை இருக்கையில் அவர் சம்மதமின்றி அழைத்துச் சென்றால், குழந்தைகளை நாடுவிட்டு நாடு கடத்திச் செல்வது தொடர்பான 1980-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை இரு நாடுகளுக்கும் இடையே நடைமுறையில் இருக்கும்பட்சத்தில், குழந்தையைத் திருப்பி அனுப்புமாறு நீதிமன்றம் உத்தரவிடக்கூடும். இக்கட்டுப்பாடு தந்தைக்கும் பொருந்தும்.

கேள்வி: நாட்டை விட்டு வெளியேற உரிமை உண்டு என்றால், வேறொரு நாடு விசா தர மறுக்கலாமா?

பதில்: மறுக்கலாம். வெளியேறும் உரிமையில் பிற நாட்டுக்குள் நுழையும் உரிமை அடங்காது.