வருகிறவர்கள் ஏன் தங்குவதில்லை? சபை வளர்ச்சி பற்றிய கேள்வி பதில்

கேள்வி: ஐயா, எங்கள் சபைக்குப் புதியவர்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் இரண்டு மூன்று வாரத்தில் நின்றுவிடுகிறார்கள். பாட்டு, பிரசங்கம் எல்லாம் நன்றாகவே இருக்கிறது. எங்கே தவறுகிறோம்?

பதில்: ஆராதனை முடிந்ததும் வரும் பத்து நிமிடத்தைக் கவனியுங்கள் சகோதரரே. பழைய விசுவாசிகள் தங்களுக்குள் கூடிப் பேசிக்கொண்டிருப்பார்கள். புதிதாக வந்தவர் வேதாகமத்தைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் நிற்பார், பிறகு தனியாக வெளியே நடப்பார். வாசலில் ஒருவர் "ஸ்தோத்திரம், அடுத்த வாரமும் வாங்க" என்பார். பெயரைக் கேட்டிருக்க மாட்டார். பிரசங்கத்துக்காக அவர் மறுபடியும் வருவார். அங்கே தன்னைத் தெரிந்தவர் யாருமில்லை என்றால் நின்றுவிடுவார்.

புதியவர் ஒவ்வொருவருக்கும் ஒரு குடும்பத்தைப் பொறுப்பாக்குங்கள். அந்த வாரத்துக்குள் அவர்கள் ஒரு போனாவது செய்யட்டும். அவர் வேலை தேடுவதாகச் சொல்லியிருந்தால், "இன்டர்வியூ என்ன ஆச்சு?" என்று அடுத்த ஞாயிறு விசாரிக்க ஆள் இருக்கவேண்டும்.

கேள்வி: அது போதகரின் வேலை இல்லையா? அவர்தானே மேய்ப்பர்?

பதில்: காலை முதல் மாலை வரை தனியாளாக ஜனங்களை விசாரித்துக்கொண்டிருந்த மோசேயிடம், "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்றார் அவருடைய மாமன் எத்திரோ. ஆயிரம் பேருக்கும், நூறு பேருக்கும், ஐம்பது பேருக்கும், பத்து பேருக்கும் தலைவர்களை வைக்கச் சொன்னார். அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்திலும் இதே கதைதான். விதவைகளுக்கான அன்றாட உணவுப் பங்கீட்டில் குறை வந்தது. அந்த வேலைக்கு 7 பேரைத் தெரிந்தெடுத்தார்கள். சீஷர்களின் தொகை மிகவும் பெருகிற்று என்று அதற்கடுத்துதான் வாசிக்கிறோம். போதகர் ஒருவரே எல்லாரையும் சந்திக்கும் சபை, அவருடைய உடல் தாங்கும் அளவோடு நின்றுவிடும்.

கேள்வி: வீட்டுக்கூட்டம் ஆரம்பித்தோம். அதுவும் இன்னொரு ஆராதனை மாதிரியே ஆகிவிட்டது. என்ன செய்யலாம்?

பதில்: ஒருவரே பேசி மற்றவர்கள் கேட்டால் அப்படித்தான் ஆகும். 1742-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் நடந்ததைச் சொல்கிறேன். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய போதகர் ஜான் வெஸ்லியின் மக்களுக்குக் கட்டடக் கடன் இருந்தது. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுப்பது என்றும், சுமார் 12 பேருக்கு ஒருவர் பொறுப்பேற்று வசூலிப்பது என்றும் முடிவுசெய்தார்கள். கொடுக்க முடியாத ஏழைக்காகப் பொறுப்பாளரே கொடுக்கவேண்டும். காசுக்காக வீடுவீடாகப் போனவர்களுக்கு அந்த வீடுகளின் நிலைமை தெரியவந்தது. இதுதான் தங்களுக்கு இத்தனை நாளாய் இல்லாத மேய்ப்பு என்று வெஸ்லி கண்டுகொண்டார். பிறகு அந்தப் பன்னிரண்டு பேரும் வாரந்தோறும் ஓரிடத்தில் கூடி, ஒருவரையொருவர் விசாரித்து, ஜெபித்தார்கள். மெதடிஸ்ட் இயக்கம் நிலைத்து நின்றதற்கு, 'வகுப்புகள்' என்று அழைக்கப்பட்ட இந்தச் சிறு குழுக்கள் பெரிய காரணம்.

உங்கள் கூட்டத்திலும் பிரசங்கத்தைக் குறைத்துவிட்டு, "இந்த வாரம் எப்படிப் போயிற்று?" என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். கூட்டம் பெரிதானால் இரண்டாகப் பிரியுங்கள். இல்லையென்றால் கூச்சப்படுகிறவர் வாயே திறக்கமாட்டார்.

கேள்வி: பக்கத்துச் சபையிலிருந்து சிலர் எங்களிடம் வருகிறார்கள். இதுவும் வளர்ச்சிதானே?

பதில்: இடம் மாறியிருக்கிறார்கள், அவ்வளவுதான். மனஸ்தாபத்தோடு வந்திருந்தால் முதலில் அந்தப் போதகரோடு ஒப்புரவாகச் சொல்லுங்கள்.

கேள்வி: விளக்கு, ஒலி அமைப்புக்குச் செலவு செய்யலாமா?

பதில்: கடைசி வரிசையில் இருப்பவருக்கு வசனம் தெளிவாகக் கேட்கட்டும், அது போதும். மீதிப் பணத்தை ஞாயிறு பள்ளிக்குக் கொடுங்கள்.

கேள்வி: பல வருடமாக உண்மையாய் ஊழியம் செய்கிறேன். இன்னும் நாற்பது பேர்தான். நான் தோற்றுவிட்டேனா ஐயா?

பதில்: இல்லை பாஸ்டர். "நான் நட்டேன், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான், தேவனே விளையச்செய்தார்" என்று எழுதிய பவுல், எபேசுவில் திறன்னுவின் வித்தியாசாலையில் இரண்டு வருஷம் தினந்தோறும் உபதேசித்தவர். விளைச்சல் தேவனுடையது, உழைப்பு நம்முடையது. எண்ணிக்கையை ஒதுக்கிவிட்டு ஒன்றைப் பாருங்கள்: அந்த நாற்பது பேரில் இன்னொருவரை விசுவாசத்தில் வளர்க்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? யாருமில்லை என்றால், வாரத்தில் ஒரு மாலையை இரண்டு பேருக்கு ஒதுக்குங்கள். அவர்களோடு வேதம் வாசியுங்கள். வியாதியஸ்தரைச் சந்திக்கப் போகும்போது அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள், அங்கே ஜெபத்தை அவர்களே நடத்தட்டும்.