பகல் தூக்கமும் மாத்திரையும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு நார்கோலெப்சி, அதாவது பகலில் அடக்கமுடியாமல் தூக்கம் வரும் நோய், என்று சமீபத்தில்தான் உறுதியானது. பள்ளி நாளிலிருந்து சோம்பேறி என்று பெயர் வாங்கியவன் நான். இப்போது விழித்திருக்க உதவும் மோடஃபினில் மாத்திரை சாப்பிடுகிறேன். காலையில் பரவாயில்லை, மதியம் பழையபடி கண் சொருகுகிறது. மாத்திரை எனக்குக் கேட்கவில்லையா? வாய்விட்டுச் சிரித்தால் முழங்கால் தளர்ந்துவிடும், இதை டாக்டரிடம் சொல்லவில்லை. மனஉறுதி இருந்தால் மாத்திரையே வேண்டாம் என்கிறார் அண்ணன். நீங்களும் இந்த நோயோடு வாழ்பவர் என்பதால் கேட்கிறேன்.

க.

அன்புள்ள க.,

டாக்டரிடம் சொல்லாமல் விட்ட அந்த முழங்கால் விஷயத்தைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். அதற்குக் கேட்டப்ளெக்சி என்று பெயர். மூளையின் ஹைப்போதலாமஸ் என்ற பகுதியில் ஒரெக்சின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் இருக்கின்றன. விழிப்பு நழுவாமல் பிடித்து வைப்பவை அவை. ஒரெக்சினைக் கண்டுபிடித்தது 1998-இல். நார்கோலெப்சி உள்ளவர்களின் மூளையில் இந்த அணுக்கள் பெரும்பாலும் அழிந்துபோயிருப்பது 2000-இல் தெரியவந்தது. சிரித்தால் உடல் தளர்கிற வகையில் பொதுவாகக் காரணம் இதுதான். அழிந்த அணுவை எந்த மனஉறுதியும் மீட்காது. அண்ணனை அடுத்த முறை டாக்டரிடம் கூட்டிப்போங்கள், அவரே கேட்டுக்கொள்ளட்டும். சோம்பேறி என்ற சொல்லை இத்தனை வருடம் சுமந்தீர்களே, அதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

மோடஃபினில் இழந்த ஒரெக்சினை ஈடுகட்டுவதில்லை. வேறு வழியில், முக்கியமாக டோபமின் என்ற இன்னொரு மூளை வேதிப்பொருள் மூலம், விழிப்பைத் தூண்டுகிறது. அதனால் தூக்கம் குறையும், ஆனால் நோயில்லாதவரின் விழிப்பு அப்படியே வந்துவிடாது. மதியம் கண் சொருகுவதை வைத்து மாத்திரை தோற்றது என்று முடிவுகட்டாதீர்கள். முன்பு முடியாத எது இப்போது முடிகிறது என்று பாருங்கள். ஒரு கூட்டத்தில் கடைசிவரை உட்கார முடிகிறதா, படித்த பக்கம் நினைவில் நிற்கிறதா என்று குறித்துவைத்து டாக்டரிடம் காட்டுங்கள். அளவைக் கூட்டலாம், காலைக்கும் மதியத்துக்கும் பிரித்துத் தரலாம், பிடோலிசண்ட் போல வேறு மருந்துக்கும் மாற்றலாம். கேட்டப்ளெக்சிக்கு மோடஃபினில் உதவாது, அதற்குத் தனி மருந்துகள் உண்டு. சொல்லாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்?

நீங்களாக மாலையில் ஒரு மாத்திரை கூடுதலாகப் போடாதீர்கள். இது உடலில் வெகுநேரம் தங்கும், இரவுத் தூக்கம் கெடும். தோலில் தடிப்பு வந்தால் நிறுத்திவிட்டு உடனே டாக்டரைப் பாருங்கள். இதைப் படிக்கும் பெண்களுக்கும் ஒன்று: கருத்தடை மாத்திரையின் பலனை மோடஃபினில் குறைக்கும்.

மதியம் பதினைந்து, இருபது நிமிடம் திட்டமிட்டுத் தூங்குங்கள். அதுவும் சிகிச்சைதான், வேலையிடத்தில் தயங்காமல் கேளுங்கள். எனக்கு மாத்திரை பாதி, அந்தக் குட்டித்தூக்கம் பாதி. ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லும்வரை வண்டிச் சாவியை மட்டும் தொடாதீர்கள்.