மொத கயாக் செட் வாங்கறவங்களுக்கு: கேள்வி பதில்

கே: அண்ணா, முட்டுக்காடு பேக்வாட்டர்ல ரெண்டு தடவ வாடகைக்கு எடுத்து ஓட்டினேன், ரொம்ப புடிச்சு போச்சு. கையில 30,000 இருக்கு, எந்த கயாக் வாங்கலாம்?

ப: தம்பி, படகு இப்ப வாங்காதீங்க. நாலஞ்சு மாசம் வாடகை படகுலயே ஓட்டுங்க, அதுக்குள்ள உங்களுக்கு பேக்வாட்டர் புடிக்குதா கடல் புடிக்குதா, தனியா போவீங்களா வீட்ல ஒருத்தர கூட்டிட்டு போவீங்களான்னு தெரிஞ்சிடும், அத பொறுத்து படகே மாறும். மொதல்ல லைஃப் ஜாக்கெட், அடுத்து துடுப்பு. வாடகை ஜாக்கெட் வெயில்ல வெளுத்து பக்கிள் ஒடஞ்சு கெடக்கறத நானே நெறய எடத்துல பாத்திருக்கேன்.

கே: ஜாக்கெட்ல என்ன பாக்கணும்? நீச்சல் சுமாராதான் வரும்.

ப: உள்பக்கம் லேபிள்ல, ஜாக்கெட் எவ்ளோ தாங்கி மெதக்க வெக்கும்னு நியூட்டன் கணக்குல போட்டிருக்கும். 50ன்னா நல்லா நீச்சல் தெரிஞ்சவங்களுக்கு, அதுவும் பக்கத்துல ஆள் இருக்கறப்ப. நீங்க 100 எடுங்க, கொஞ்சம் தடியா இருக்கும், ஆனா கழுத்துக்கு பின்னாடி காலர் வெச்சதா பாத்து எடுத்தா தலைய தாங்கும். கடையிலயே போட்டு எல்லா பெல்ட்டையும் இறுக்கிட்டு, கூட வந்தவங்கள தோள்பட்டைய புடிச்சு மேல இழுக்க சொல்லுங்க, மோவாய தாண்டி காதுகிட்ட வந்துச்சுன்னா அது உங்க சைஸ் இல்ல. என் ஃப்ரெண்ட் ஒருத்தன் லூசான ஜாக்கெட்டோட கவுந்தான், ஜாக்கெட் மெதக்குது, அவன் மூஞ்சி அதுக்குள்ள மாட்டிக்கிச்சு, நாங்க ரெண்டு பேர் பக்கத்துல இருந்ததால தூக்கிட்டோம். இன்னிக்கும் நெனச்சா வயித்த கலக்குது. அப்புறம் ஒரு விசில், ஜாக்கெட்லயே கட்டிடுங்க.

கே: நான் 5 அடி 3 அங்குலம். துடுப்பு எவ்ளோ நீளம் எடுக்கட்டும்?

ப: அக்கா, உங்க உயரத்தோட படகு அகலத்தையும் பாக்கணும். ஒல்லியான படகுன்னா 220 சென்டிமீட்டர் போதும், அகலமான படகுக்கு 230, 240 வேணும், இல்லன்னா விரல் படகு ஓரத்துல இடிச்சிட்டே இருக்கும். வெயிட்ட கையில தூக்கி பாருங்க, ஒரு மணி நேரத்துல ஆயிரம் தடவைக்கு மேல அத வீசப் போறீங்க, 200 கிராம் கொறஞ்சாலும் தோள் அன்னிக்கு ராத்திரி நன்றி சொல்லும்.

கே: மேல உக்கார்ற படகா, உள்ள கால நீட்டி உக்கார்றதா?

ப: நம்ம ஊர் வெயிலுக்கும் புதுசா கத்துக்கறவங்களுக்கும் மேல உக்கார்றதுதான். கவுந்தா திருப்பி போட்டு ஏறிக்கலாம், தண்ணி அடியில இருக்கற ஓட்டை வழியா தானா வடிஞ்சிடும். உள்ள உக்கார்றதுல தண்ணி ரொம்பிடுச்சுன்னா தனியாளா ஏறறது படாதபாடு.

கே: பிச்சாவரம் போறோம், என்ன போட்டுக்கறது?

ப: ஜீன்ஸ் வேண்டாம், நனஞ்சா கல்லு மாதிரி கனக்கும். முழுக்கை டீ-ஷர்ட், கயிறு வெச்ச தொப்பி. செருப்பு சேத்துல போயிடும், பின்னாடி பெல்ட் இருக்கறதோ பழைய கேன்வாஸ் ஷூவோ போடுங்க, வேர்ல ஒட்டியிருக்கற சிப்பி கத்தி மாதிரி கிழிக்கும்.

கே: கோவளத்துல காலைல கடல் குளம் மாதிரி கெடக்கு, இதே செட்டோட எறங்கலாமா சார்?

ப: ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் அந்த அமைதிய நம்பாதீங்க. கச்சான் காத்து கரைலேர்ந்து கடல் பக்கமா அடிக்கும், அதான் கரையோரம் அலை அடங்கி இருக்கு, போறப்ப சுகமா இருக்கும், திரும்பறப்ப துடுப்பு போட்டு போட்டு கை ஓஞ்சாலும் கரை கிட்ட வராது. வலை சரி பண்ணிட்டு இருக்கற அண்ணன்கிட்ட இன்னிக்கு என்ன காத்துன்னு கேளுங்க, கச்சான்னு சொன்னா வண்டிய முட்டுக்காட்டுக்கு திருப்பிடுங்க.