கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கலாமா என்று கேட்ட தந்தைக்கு

அன்புள்ள ஐயா,

மகளின் பொறியியல் கட்-ஆஃப் 200-க்கு 178. கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். சென்னையில் பதினாறு வருடம் மென்பொருள் வேலை பார்த்த உங்கள் மைத்துனருக்குப் போன ஆண்டு வேலை போய்விட்டது. "அந்தப் பக்கமே அனுப்பாதீர்கள், எல்லாவற்றையும் ஏஐ செய்துவிடும்" என்கிறார் அவர். கல்லூரிக்காரர்களோ "ஐந்து வருடத்தில் லட்சத்தில் சம்பளம்" என்று துண்டுப்பிரசுரம் கொடுக்கிறார்கள். யாரை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

மைத்துனர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு மென்பொருள் செய்து கொடுத்து, நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலை கொடுத்த பெரிய சேவை நிறுவனங்கள் கோபுரம் போலத்தான் கட்டப்பட்டவை. உச்சியில் நாலைந்து பேர், நடுவில் கொஞ்சம் பேர், அடியில் கல்லூரி முடித்து வந்த புதியவர்கள் ஏராளம். எத்தனை பேர், எத்தனை மணி நேரம் என்று கணக்கிட்டு வாடிக்கையாளரிடம் காசு வாங்குவார்கள். புதியவர்களுக்குச் சின்னச் சின்ன வேலைகள்: பழைய நிரலில் ஒரு பிழையைத் திருத்துவது, நிரல் சரியாக ஓடுகிறதா என்று சோதித்துப் பார்ப்பது, ஒரு படிவத்துக்குத் திரை செய்வது. அப்படித்தான் தொழில் கற்றார்கள். 2022 நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி வந்தது; நிரல் எழுதித் தரும் கருவிகள் அதற்கு முன்பே வரத் தொடங்கிவிட்டன. அவை முதலில் கை வைத்தது இந்தச் சின்ன வேலைகளில்தான். ஏணியின் முதல் படி தேய்ந்திருக்கிறது என்பதை நான் மறைக்க மாட்டேன்.

ஆனால் எல்லாப் பழியையும் ஏஐ மீது போடுவதும் சரியில்லை. 2021, 2022-இல் கண்மண் தெரியாமல் ஆள் எடுத்தார்கள். பிறகு அமெரிக்காவில் வட்டி ஏறியது, வாடிக்கையாளர்கள் செலவைச் சுருக்கினார்கள், எடுத்த ஆட்களுக்கு வேலை இல்லாமல் போனது. 2025 ஜூலையில் டிசிஎஸ் தன் ஊழியர்களில் 2 சதவீதம், அதாவது சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தபோது, பெரும்பாலும் நடு, மேல் மட்டத்தினரையே சொன்னது. திறன் பொருந்தாமைதான் காரணம், ஏஐ இல்லை என்றும் விளக்கியது. அந்த விளக்கத்தை முழுதாக நம்ப வேண்டியதில்லை. ஆனால் பதினாறு வருட அனுபவம் இருந்தும் நிரலைத் தொட்டுப் பல வருடம் ஆகி, கூட்டங்களையும் அறிக்கைகளையும் மட்டும் நடத்திக்கொண்டிருந்தவர்கள் அதிகம் அடிபட்டதை என்னிடம் வந்தவர்களிடமும் பார்க்கிறேன். உங்கள் மைத்துனர் அப்படிப்பட்டவரா என்று எனக்குத் தெரியாது. அவரைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. வெளிநாட்டு வங்கிகளும் கார் நிறுவனங்களும் மருந்து நிறுவனங்களும் தங்கள் மென்பொருள் வேலைக்கு இந்தியாவில் சொந்த மையங்களையே திறக்கின்றன. மென்பொருள் நிறுவனங்களின் சங்கமான நாஸ்காம் 2024-இல் வெளியிட்ட கணக்கில் 1,700-க்கு மேல் இப்படிப்பட்ட மையங்கள், சுமார் 19 லட்சம் பேர். சென்னையிலும் நிறைய. சம்பளம் நன்றாக இருக்கும். ஆனால் கூட்டமாக ஆள் எடுக்க மாட்டார்கள், தேர்வும் கடினம்.

அங்கே என்ன கேட்கிறார்கள் என்பதற்கு என் அறையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் ஜவுளிக்கடைக்கு பில் போடும் செயலி செய்திருந்தான். பார்க்க அழகாக இருந்தது. ஏஐ எழுதியது என்று அவனே ஒப்புக்கொண்டான், அதில் தவறில்லை. கடையில் 3,000 ரூபாய்க்கு வாங்கினால் 10 சதவீதம் தள்ளுபடி. நான் 2,000 ரூபாய்க்கு ஒரு சேலை, 1,000 ரூபாய்க்கு ஒரு சட்டை என்று போட்டேன். பில் 2,700. "சட்டை அளவு சரியில்லை, திருப்பித் தருகிறேன்" என்றேன். செயலி 1,000 ரூபாய் திருப்பிக் கொடுத்தது. சேலை எனக்கு 1,700 ரூபாய்க்குக் கிடைத்துவிட்டது. பையன் திரையைப் பார்த்துவிட்டுச் "சரியாகத்தானே சார் இருக்கிறது" என்றான்.

கூட வந்திருந்த இரண்டாம் ஆண்டு மாணவிதான் நிமிர்ந்தாள். அவள் அப்பா ஈரோட்டில் துணிக்கடையில் வேலை பார்க்கிறார். "900 கொடுக்கணுமா, 700 கொடுக்கணுமா? சட்டை போய்விட்டால் பில் 3,000 இல்லையே, சேலைக்குத் தள்ளுபடி உண்டா? முதலாளியைக் கேட்காமல் எழுத முடியாதே" என்றாள். இந்தக் கேள்விக்குத்தான் இனிச் சம்பளம். நிரல் எழுதுவது மலிவாகிவிட்டது. எது சரி என்று கேட்டு, எழுதியதைப் படித்து, தப்பைக் கண்டுபிடிப்பது மலிவாகவில்லை. 2025-இல் மீட்டர் என்ற ஆய்வுக் குழு அனுபவமுள்ள 16 நிரலாளர்களைத் தங்களுக்கு நன்கு பழக்கமான நிரல்களில் வேலை செய்யவைத்து அளந்தது. ஏஐ துணையோடு 19 சதவீதம் அதிக நேரம் பிடித்தது. அவர்களோ 20 சதவீதம் வேகமாக முடித்ததாக நினைத்தார்கள். 16 பேர் என்பது சின்ன எண்ணிக்கை, கருவிகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. இருந்தாலும் அந்த "நினைத்தார்கள்" என்பதில்தான் என் கண் நிற்கிறது.

ஆகவே மகளுக்குக் கணக்கும் இப்படித் துருவித் துருவிக் கேட்பதும் பிடிக்கும் என்றால் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கட்டும். தோழிகள் எடுக்கிறார்கள் என்பதற்காக என்றால் வேண்டாம்.

பிரிவின் பெயரைவிடக் கல்லூரியைப் பாருங்கள். ஒரு பிரிவில் சேர்க்கும் மாணவர் எண்ணிக்கைக்கு இருந்த உச்சவரம்பை, தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் மத்திய அமைப்பான ஏஐசிடிஇ 2024-இல் எடுத்துவிட்டது. பல கல்லூரிகள் கம்ப்யூட்டர் பிரிவுகளில் இடங்களைக் கூட்டிக்கொண்டன. அதே வேகத்தில் ஆசிரியர்களைக் கூட்டியிருக்கிறார்களா என்று நேரில் போய்க் கேளுங்கள். 178-க்கு நடுத்தரக் கல்லூரியில் கம்ப்யூட்டர் கிடைப்பதும், அதைவிட நல்ல கல்லூரியில் இசிஇ (எலக்ட்ரானிக்ஸ், தகவல்தொடர்புப் பிரிவு) கிடைப்பதும் ஒன்றாக வந்தால், நான் இசிஇ-யைத்தான் மேலே வைப்பேன். அங்கிருந்து மென்பொருளுக்கும் போகலாம், சிப் வடிவமைப்புக்கும் போகலாம். 'ஏஐ - டேட்டா சயின்ஸ்', 'சைபர் செக்யூரிட்டி' என்ற பெயர்ப்பலகைகளுக்கு மயங்க வேண்டாம். முதல் இரண்டு ஆண்டுப் பாடங்கள் பெரும்பாலும் ஒன்றேதான்.

வேலைவாய்ப்புப் பட்டியலில் அதிகபட்சச் சம்பளத்தை விடுங்கள். எத்தனை பேர் பதிவு செய்தார்கள், எத்தனை பேர் உண்மையில் வேலையில் சேர்ந்தார்கள் என்று கேளுங்கள். ஒரே மாணவனுக்கு வந்த மூன்று அழைப்புகளை மூன்று பேராக எண்ணும் வழக்கம் உண்டு.

நிர்வாக ஒதுக்கீட்டுக்காகத் தோட்டத்தை அடமானம் வைப்பதாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். சேவை நிறுவனங்களில் புதியவர்களின் சம்பளம் பத்து வருடத்துக்கு மேலாக ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தைச் சுற்றியேதான் நிற்கிறது. 8 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, ஏழு வருடம் என்றால் மாதத் தவணையே 13,000 ரூபாயைத் தாண்டும். சென்னையில் வாடகை கொடுத்துச் சாப்பிட அவளுக்கு என்ன மிஞ்சும்?

கலந்தாய்வுக்கான கல்லூரி விருப்பப் பட்டியலை நிரப்பியதும், உறுதி செய்வதற்கு முன் எனக்கு அனுப்புங்கள். கல்லூரிக் குறியீட்டு எண்ணை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். ஒரே மாதிரிப் பெயரில் இரண்டு மூன்று கல்லூரிகள் இருக்கின்றன. போன வருடம் ஒரு பெண் கோவை என்று நினைத்து வேறு மாவட்டத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.