வாசகர் கேள்வி-பதில்: ஃபாஃப்சாவில் பல்கலைக்கழகம் கை வைத்தால்

பிள்ளை அமெரிக்காவில் படிக்க, தாயோ தகப்பனோ இங்கே இருக்கும் குடும்பங்களிலிருந்து வந்த கேள்விகள் இவை. எல்லாம் ஃபாஃப்சாவைப் பற்றியவை. அமெரிக்க மத்திய அரசின் மாணவர் நிதியுதவிக்கான இலவச விண்ணப்பத்தின் பெயர் அது.

கேள்வி: கணவரும் மகனும் கிரீன் கார்ட் லொத்தரில் போனவர்கள். நான் ஆசிரியை, மகளோடு இங்கே இருக்கிறேன். மகனின் ஃபாஃப்சாவைத் தாங்களே திருத்தியதாகப் பல்கலைக்கழகம் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. எஸ்.ஏ.ஐ. (குடும்பத்தின் நிதி நிலையைக் கணக்கிட்டு, எவ்வளவு உதவி என்று முடிவுசெய்யப் பார்க்கும் எண்) 0 ஆக இருந்தது 1,850 ஆகிவிட்டது. என் சம்பளத்தைச் சேர்த்து, குடும்பத்தில் ஐந்து பேர் என்றிருந்ததை நான்கு ஆக்கியிருக்கிறார்கள். பழைய எண்களையே மீண்டும் போட்டு அனுப்பப்போவதாக மகன் சொல்கிறான். அனுப்பலாமா? – ஒரு தாய், கல்லடி

பதில்: அனுப்பவேண்டாம். இதைச் செய்துவிட்டுத்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். முதல் விண்ணப்பம் 01 என்ற இலக்கத்தில் பதிவாகும். யார் திருத்தினாலும் 02, 03 என்று புதிய பதிவு உண்டாகி, படிவத்தில் பெயர் கொடுத்த எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் போகும். மகன் பழைய எண்களைப் போட்டால் 03 பிறக்கும். அது பல்கலைக்கழக நிதியுதவி அலுவலகத்தில் இருக்கும் தாள்களோடு ஒத்துப்போகாது. அந்த முரணைத் தீர்க்கும் வரை பணம் விடமாட்டார்கள்.

ஒருவரைக் குறைத்ததற்கு இவ்வளவு ஏறுமா என்று நீங்கள் நினைக்கலாம். பெற்றோர் இருவர் உள்ள குடும்பத்தில், வருமானம் அமெரிக்க வறுமைக்கோட்டின் 175 வீதத்துக்குள் இருந்தால், திருப்பிக் கட்டத் தேவையில்லாத மத்திய அரசு உதவியான பெல் கிராண்ட் முழுதாகக் கிடைக்கும். 2025–26க்கு அது 7,395 டொலர். ஆள் குறையக் குறைய அந்தக் கோடும் கீழே இறங்கும். ஐந்து பேருக்கு உள்ளே இருந்த அதே வருமானம் நான்கு பேருக்கு வெளியே நிற்கிறது. வெளியே வந்தால் கணக்கு வேறு: 7,395இலிருந்து எஸ்.ஏ.ஐ.யைக் கழிக்கவேண்டும். உங்கள் மகனுக்கு 5,545 டொலர் வரும்.

சம்பளத்தைச் சேர்த்தது சரிதான். கணவன் அங்கே, மனைவி இங்கே என்பது பிரிந்து வாழ்வதாகாது. திருமணம் நிலைத்திருக்கும்வரை இருவர் வருமானமும் கணக்கில் வரும். கணவரின் விபரம் அமெரிக்க வரி அலுவலகமான ஐ.ஆர்.எஸ்.இலிருந்து நேரே படிவத்துக்குள் போய்விடும். நீங்கள் அங்கே வரி செலுத்தாதவர் என்பதால் உங்கள் பகுதியைக் கையால்தான் நிரப்பவேண்டும். அதை 0 என்று விட்டிருந்தால் திருத்தம் வரத்தான் செய்யும்.

வாதாட இடமிருப்பது அந்த ஐந்தாவது ஆளில். உங்களோடு இருக்கும் பெரியம்மாவையோ மாமியையோ எழுதியிருப்பீர்கள் என்று எண்ணுகிறோம். ஒரே வீட்டில் உலை வைப்பது மட்டும் போதாது. அவரின் செலவில் பாதிக்கு மேல் நீங்கள் தாங்கவேண்டும். மாதச் செலவு 40,000 ரூபா, அவரின் ஓய்வூதியம் 15,000 என்றால் மிச்சம் உங்கள் தலையில், அவரைச் சேர்க்கலாம். ஓய்வூதியம் 30,000 என்றால் முடியாது. சேர்க்கலாம் என்றால் பெயர், வயது, உறவுமுறை, யார் எவ்வளவு கொடுக்கிறார் என்பதை ஆங்கிலத்தில் ஒரு பக்கத்தில் எழுதி, கையெழுத்திட்டு நிதியுதவி அலுவலகத்துக்கு அனுப்புங்கள். திருத்தத்தை அவர்களே மாற்றட்டும்.

மகளை நான்கு பேருக்குள் சேர்த்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். இங்கே இருக்கும் பிள்ளையைக் கணவரால் அமெரிக்க வரிப் படிவத்தில் காட்டமுடியாது. அதனால் வரிப் படிவத்தை மட்டும் பார்த்து எண்ணுபவர் அவளைத் தவறவிடுவது சுலபம்.

சம்பளத்துக்கு அத்தாட்சி கேட்டால் வலயக் கல்வி அலுவலகத்தில் அந்த வருடத்துக்கான சம்பள விபரத்தை ஆங்கிலத்தில் எடுங்கள். எந்த வருடம் என்பதில் கவனம்: 2026–27 படிவத்துக்கு 2024ஆம் ஆண்டு வருமானம். கிராம சேவகரின் வருமானச் சான்று மகாபொலவுக்குப் பழகிய தாள். அங்கே அதை மட்டும் அனுப்பினால் மாதம் எவ்வளவு, எந்த மாதங்கள் என்று திரும்பக் கேள்வி வரும்.

கேள்வி: உம்மாவும் தங்கையும் அமெரிக்காவில், வாப்பாவுக்கு இங்கே கடை. வாப்பாவின் வருட வருமானம் 900,000 ரூபாவை அப்படியே பதிந்துவிட்டோம். தங்கைக்கு உதவி எதுவும் இல்லை என்று காட்டுகிறது. – அக்கரைப்பற்று வாசகர்

பதில்: ஒன்பது இலட்சம் டொலர் உழைக்கும் கடைக்காரரின் மகளுக்கு யார் உதவி கொடுப்பார்கள்? அந்தப் பெட்டிகள் எல்லாம் டொலர்ப் பெட்டிகள். படிவம் நிரப்பும் நாளின் நாணயமாற்று விகிதத்தில் மாற்றி எழுதவேண்டும். டொலர் 300 ரூபா என்று வைத்தால் 3,000 டொலர். விகிதம் காட்டும் பக்கத்தைத் திகதியோடு படம் எடுத்து வையுங்கள்.

வாப்பாவின் பகுதியைத் தங்கையால் திருத்தமுடியாது. வாப்பா தன் சொந்தக் கணக்கில் நுழையவேண்டும். சோஷல் செக்யூரிட்டி இலக்கம் (அமெரிக்காவில் ஒருவரை அடையாளம் காட்டும் இலக்கம்) இல்லாதவருக்கும் கணக்குத் திறக்க வழி உண்டு. வரி விபரத்தை ஐ.ஆர்.எஸ்.இடமிருந்து எடுக்கச் சம்மதம் கேட்கும் இடத்தில் அவர் கட்டாயம் சம்மதிக்கவேண்டும். மறுத்தால் எஸ்.ஏ.ஐ. கணக்கிடப்படாது, மத்திய அரசின் உதவியும் இல்லை. ஆனால் பல்கலைக்கழகம் ஏற்கனவே ‘வெரிஃபிகேஷன்’ (விபரங்களைச் சரிபார்த்தல்) என்று தாள்கள் கேட்டிருந்தால் நீங்கள் தொடாமல் அவர்களையே திருத்தச் சொல்லுங்கள். இரு பக்கமும் ஒரே கிழமையில் திருத்துவதுதான் குழப்பத்தின் வேர்.

கேள்வி: மூன்று ஏக்கர் வயல் குத்தகைக்குக் கொடுத்திருக்கிறோம். சொத்தில் அதைக் காட்டவில்லை. எப்படிக் கண்டுபிடித்தார்கள்? – சம்மாந்துறை

பதில்: குத்தகைப் பணத்தை வருமானத்தில் எழுதியிருப்பீர்கள். பணம் வருகிறது, நிலம் இல்லை என்றால் அது முரண். முரணைக் கண்டால் தீர்த்தே ஆகவேண்டும் என்பது பல்கலைக்கழகத்துக்கு விதி. குடியிருக்கும் வீட்டைக் காட்டத் தேவையில்லை. குத்தகை வயலைக் காட்டவேண்டும். உறுதியில் எழுதிய பழைய விலை செல்லாது. படிவத்தில் ஒப்பமிட்ட நாளின் பெறுமதியிலிருந்து, அந்த வயலை ஈடுவைத்து வாங்கிய கடனைக் கழித்து எழுதுங்கள். உறுதியில் நான்கு சகோதரர்கள் இருந்தால் உங்கள் பங்கு மட்டும்.

2026–27இலிருந்து குடும்பம் குடியிருக்கும் பண்ணைக்கு விலக்கு உண்டு. ஆனால் நம் பக்கத்தில் வீடு ஊருக்குள், வயல் வட்டையில். போதாக்குறைக்கு உங்களுடையது குத்தகையில். விலக்கு தானாக வரும் என்று இருக்காமல் அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: 2024இல் நல்ல வருமானம். இப்போது கணவருக்கு வேலையில்லை. திருத்தச் சொன்னால் “உங்கள் எண்கள் சரியானவை, திருத்தமுடியாது” என்கிறார்கள். – களுவாஞ்சிக்குடி

பதில்: அவர்கள் சொல்வது உண்மை. திருத்தம் பிழைக்குத்தான். ஒப்பமிட்ட நாளில் சரியாக இருந்த வங்கி மீதியைக்கூடப் பிறகு செலவாகிவிட்டது என்று குறைக்கமுடியாது. நீங்கள் கேட்கவேண்டியது ‘புரொஃபெஷனல் ஜட்ஜ்மென்ட்’, அதாவது உங்கள் குடும்பத்தின் மாறிய நிலையைத் தனியாகப் பார்த்து அலுவலகம் எடுக்கும் முடிவு. அந்தச் சொல்லையே எழுதுங்கள். வேலை நீக்கக் கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டு, இவ்வருடம் எதிர்பார்க்கும் வருமானம் ஆகியவற்றை இணையுங்கள். இப்படியான கோரிக்கைகளைப் பார்க்கவே மாட்டோம் என்று ஒட்டுமொத்தமாக மறுக்க அவர்களுக்கு உரிமை இல்லை. ஆனால் பார்த்தபின் சொல்லும் முடிவே முடிவு. அதற்கு மேல் அமெரிக்கக் கல்வித் திணைக்களத்திடம் மேன்முறையீடு கிடையாது.

கேள்வி: மாணவர் விசாவில் போகும் மகளுக்கு ஃபாஃப்சா போடலாமா? – கல்முனை

பதில்: எஃப்-1 விசாவுக்கு மத்திய அரசின் உதவி இல்லை. சில தனியார் பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்தப் பணத்திலிருந்து உதவ சி.எஸ்.எஸ். புரொஃபைல் கேட்கும். அது வேறு படிவம்.

கேள்வி: பெயர் பொருந்தவில்லை என்று படிவம் நிற்கிறது. எழுத்துப் பிழை எதுவும் இல்லையே? – ஏறாவூர்

பதில்: எழுத்தைவிட வரிசையைப் பாருங்கள். நாம் தகப்பன் பெயரை முன்னுக்கும் சொந்தப் பெயரைப் பின்னுக்கும் எழுதுகிறோம். அங்கே கடைசிப் பெயர்தான் குடும்பப் பெயர். சோஷல் செக்யூரிட்டி அட்டையில் எப்படி இருக்கிறதோ அப்படியே, இடைவெளி உட்பட, படிவத்தில் இருக்கவேண்டும். அட்டையிலேயே பிழை என்றால் முதலில் அட்டையைத் திருத்துங்கள். 2025–26 படிவத்தை 2026 ஜூன் 30 வரை அனுப்பலாம், திருத்தங்களுக்குச் செப்டம்பர் நடுப்பகுதி வரை நேரம் உண்டு. பல்கலைக்கழகம் தனக்கென வைத்திருக்கும் கடைசித் திகதி அதற்கு எவ்வளவோ முந்தியது.