ராசிகளுக்குக் கிரகங்கள் எப்படி அதிபதி ஆயின?

கேள்வி இதுதான்: "சிம்மத்துக்குச் சூரியன், மகரத்துக்கும் கும்பத்துக்கும் சனி என்று யார் பிரித்துக் கொடுத்தது? சூரியனுக்கும் சந்திரனுக்கும் மட்டும் ஏன் ஆளுக்கு ஒரு வீடு? ராகு கேதுவுக்கு ஏன் ஒன்றுமே இல்லை?"

வானத்தைப் பார்த்துக் கண்டுபிடித்த விஷயம் இல்லை இது. சனி மகரத்தில் சுமார் இரண்டரை வருஷம் நிற்கிறது. மேஷத்திலும் அப்படித்தான், கன்னியிலும் அப்படித்தான். எந்த ராசிக்குள் போனாலும் அது வீட்டுக்காரன் மாதிரி நடந்துகொள்வதில்லை. அதிபதி என்பது ஆட்கள் உட்கார்ந்து போட்ட கணக்கு. ஆனால் நல்ல கணக்கு, அதனால்தான் இத்தனை காலம் நின்றிருக்கிறது.

கொப்பி ஒற்றை ஒன்றில் நம் சாதகக் கட்டத்தை வரையுங்கள். மேல் வரிசையில் இடமிருந்து மீனம், மேஷம், ரிஷபம், மிதுனம். வலப்பக்கம் இறங்கினால் கடகம், அதன் கீழ் சிம்மம். கீழ் வரிசையில் வலமிருந்து இடமாகக் கன்னி, துலாம், விருச்சிகம், தனுசு. இடப்பக்கம் ஏறினால் மகரம், கும்பம். இப்போது மேல் பாதி கீழ்ப் பாதியின் மேல் விழும்படி ஒற்றையைக் குறுக்கே மடியுங்கள். மிதுனம் கன்னியின் மேல் வந்து உட்காரும், இரண்டும் புதன் வீடு. ரிஷபம் துலாத்தின் மேல், சுக்கிரன். மேஷம் விருச்சிகத்தின் மேல், செவ்வாய். மீனம் தனுசின் மேல், குரு. கும்பம் மகரத்தின் மேல், சனி. மிச்சம் கடகமும் சிம்மமும், அதாவது சந்திரனும் சூரியனும். பஞ்சாங்கத்தின் கடைசிப் பக்கத்தில் மனப்பாடம் பண்ணச் சொல்லிப் போட்டிருக்கும் அட்டவணை முழுவதும் அந்த ஒரு மடிப்பில் இருக்கிறது.

பழைய வடமொழி நூலான யவனஜாதகம் இதைத்தான் சூரியன் பாதி, சந்திரன் பாதி என்று சொல்கிறது. சிம்மத்திலிருந்து மகரம் வரை சூரியனுடைய பாதி. கும்பத்திலிருந்து கடகம் வரை சந்திரனுடைய பாதி. இருவரும் ஆளுக்கொரு வீட்டை வைத்துக்கொண்டு, மற்ற ஐந்து கிரகங்களுக்கும் தங்கள் பாதியிலிருந்து ஒவ்வொன்று கொடுத்தார்கள். இரண்டும் பத்தும் பன்னிரண்டு, கணக்கு சரி.

கொடுத்த வரிசை வேகத்தின் வரிசை. புதனுக்கு ஒரு சுற்று 88 நாள், சுக்கிரனுக்கு 225, செவ்வாய்க்கு 687, குருவுக்குக் கிட்டத்தட்ட 12 வருஷம், சனிக்கு இருபத்தொன்பதரை வருஷம். சூரிய சந்திரர் வீட்டு வாசலிலிருந்து இரு பக்கமும் அந்த வரிசையிலேயே நடந்து போனால் கடைசியில் மகரத்திலும் கும்பத்திலும் சனி.

இதில் ஓரிடத்தில் மட்டும் வானம் உண்மையாகவே கணக்குக்குக் கைகொடுக்கிறது. விடிவெள்ளியை நடுச்சாமத்தில் யாராவது உச்சி வானத்தில் பார்த்ததுண்டா? விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது தோட்ட வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் போகும் முன் கிழக்கே தெரியும், இல்லையென்றால் பொழுது சாய்ந்த பின் மேற்கே தெரியும், அவ்வளவுதான். சுக்கிரன் சூரியனை விட்டு ஏறத்தாழ 47 பாகைக்கு மேல் விலகாது. புதன் 28 பாகையைத் தாண்டாது. ஒரு ராசி 30 பாகை. ஆகவே புதன் சூரியனுக்கு அடுத்த ராசியைத் தாண்டாது, சுக்கிரன் இரண்டாவது ராசியைத் தாண்டாது. வீடும் அதே தூரத்தில்தான் கொடுத்திருக்கிறார்கள். செவ்வாய், குரு, சனி எங்கு வேண்டுமானாலும் நிற்கும். அவற்றுக்கு வரிசையில் வந்த இடம், வேறு நியாயம் இல்லை.

சரி, தொடக்கம் ஏன் கடகமும் சிம்மமும்? கி.பி. 2ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் இருந்த வானியல் அறிஞர் தாலமி காரணம் எழுதிவைத்திருக்கிறார். (வீடுகளைப் பிரித்தவர் அவர் இல்லை, அவர் காலத்திலேயே அது பழைய வழக்கம்.) அவர்கள் ஊரில் சூரியன் கடகம், சிம்மத்தில் இருக்கும்போது கடும் வெயில், ஆகவே அவை இரண்டும் ஒளி தரும் இருவருக்கு. அவற்றுக்கு நேர் எதிரே மகரம், கும்பம், குளிர்காலம். சனி குளிர்ந்த கிரகம், வெப்பத்துக்கு வெகு தூரத்தில் இருப்பது, ஆகவே குளிர் வீடுகள் அதற்கு.

அலெக்சாந்திரியாவுக்குச் சரி. எங்கள் இலங்கை மலையகத்தில்? சூரியன் சிம்மத்தில் இருக்கும் ஆவணியில் வட்டவளை, ஹட்டன் பக்கம் தென்மேல் பருவ மழை இன்னும் விட்டிருக்காது. மழைக்குக் கொங்காணி போட்டுக்கொண்டு தேயிலைக் கொழுந்து எடுக்கும் காலம். சூரியன் சொந்த வீட்டில் ஆட்சியாக இருக்கிறார், எங்கள் கண்ணில் மட்டும் படமாட்டார்! கோச்சியில் (ரயிலில்) பட்டிப்பொலையைத் தாண்டி, மலையைக் குடைந்த சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் இறங்கினால், அதே ஆவணியில் பண்டாரவளை, பதுளைப் பக்கம் காய்ந்த காற்று. தை, மாசியில் நுவரெலியாவில் விடியற்காலையில் உறைபனி விழுந்து கொழுந்து கருகும், ஆக சனி வீடு மட்டும் எங்களுக்கும் பொருந்திவிடுகிறது. ஆனால் அதே நாளில் பத்து மணிக்கு மேல் பளிச்சென்று வெயில் அடிக்கும். ஹட்டனில் இருந்துகொண்டு ஒருவர் வீடு பிரித்திருந்தால் சிம்மத்தைச் சூரியனுக்குக் கொடுத்திருக்கவே மாட்டார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தக் காலத்தில் பருவங்களை வைத்த ராசியும் நட்சத்திரங்களை வைத்த ராசியும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. இன்று இடைவெளி சுமார் 24 பாகை. சூரியன் தென்கோடியைத் தொட்டுத் திரும்பி, பருவ ராசிப்படி மகரத்துக்குள் போவது டிசம்பர் 21, 22இல், நாம் மகரத்துக்குள் அவரை வரவேற்றுப் பொங்குவது ஜனவரி நடுவில். காரணம் நகர்ந்துவிட்டது, வீட்டுப் பத்திரம் அப்படியே இருக்கிறது. 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் ஜாதகம் என்ற சோதிட நூலிலும் இதே வீடுகள்தான்.

இதெல்லாம் ஏட்டுச் சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள், கல்யாணப் பேச்சுக்குள்ளும் வரும். என் சித்தி மகள் சிம்ம ராசி, வந்த மாப்பிள்ளை கும்பம். "ராசி அதிபதி பகை" என்று ஜோசியர் சொன்னதும் சித்தி குறிப்பை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார். ஏழாம் ராசி என்றால் பொதுவாக நல்லது என்பார்கள், சிம்மம்-கும்பத்தையும் கடகம்-மகரத்தையும் மட்டும் பலர் விலக்குவார்கள். அந்தப் பகை எங்கிருந்து வந்தது? பிருகத் ஜாதகம் சொல்லும் விதிப்படி, ஒரு கிரகத்தின் மூலத்திரிகோண வீட்டிலிருந்து (அது பலமாக நிற்கும் வீடு என்பார்கள், சூரியனுக்குச் சிம்மம்) 2, 4, 5, 8, 9, 12ஆம் வீட்டுக்காரர்கள் நண்பர்கள். சூரியனுக்குச் சிம்மத்திலிருந்து எண்ணிப் பாருங்கள். மகரம் 6, கும்பம் 7. இரண்டும் பட்டியலில் இல்லை, ஆகவே சனி பகை. வெயிலுக்கு எதிரே குளிர் என்று வைத்த வீடுதான், சுற்றி வந்து எங்கள் தோட்டத்து லயத்து (வரிசை வீட்டு) வாசலில் சம்பந்தத்தை நிறுத்துகிறது. சித்தியிடம் இதைக் கட்டம் போட்டே காட்டினேன். "கணக்கு விளங்குது தம்பி, நாளைக்கு ஒண்ணு ஆனா சனம் என்னையில்ல கேக்கும்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. வேறு ஜோசியரிடம் போய், மற்றப் பொருத்தங்கள் கூடி வருகின்றன என்று அவர் சொன்ன பிறகுதான் தட்டு மாற்றினார்கள்.

ராகு கேது: அவை ஒளி தரும் கோள்கள் அல்ல, சந்திரன் பாதை சூரியன் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகள். பங்கு பிரித்தபோது பன்னிரண்டும் தீர்ந்துவிட்டது. கும்பத்தில் ராகுவுக்கும் விருச்சிகத்தில் கேதுவுக்கும் பங்கு உண்டு என்று பின்னால் சிலர் சொன்னது கூட்டுக் குடித்தனம் மாதிரி, எல்லோரும் ஏற்றதில்லை. மேல்நாட்டு ஜோசியர்களும் அதையே செய்தார்கள். 1781இல் யுரேனஸ் தெரிந்ததும் பிறகு அதற்குக் கும்பம், 1846இல் தெரிந்த நெப்டியூனுக்கு மீனம், 1930இல் தெரிந்த புளூட்டோவுக்கு விருச்சிகம். 2006இல் வானியலாளர்கள் புளூட்டோவைக் கோள் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். ஜோசியர்கள் வீட்டைத் திருப்பிக் கேட்கவில்லை.